உள்ளேயா, வழியாகவா?

அந்தப் பல் மருத்துவமனையின் பின்னறையில் முப்பத்தொரு வருஷமாகப் பல்செட் செய்துவந்தவருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. அவர் செய்த பல்லைப் போட்டுக்கொண்டவர் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை என்பது ஒன்று. கிறிஸ்தவ வேதத்தை மூலமொழியில் படிக்கிறவர் என்பது இன்னொன்று. முதலாவது உண்மை. இரண்டாவது முக்கால் உண்மை. அந்த மூலமொழியான கிரேக்கத்தைத் தபாலில் கற்றுக்கொடுத்த பாடத்திட்டத்தில் மொத்தம் பன்னிரண்டு பாடங்கள். அதில் ஒன்பதை முடித்திருந்தார். பத்தாவது பாடத்தில் வினைச்சொற்கள் ஆரம்பம். அது வந்த மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், உறை எங்கேயோ போய்விட்டது. வினைச்சொல் இல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவரும் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் கூடி வேதம் படிப்பார்கள். யார் எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மூலமொழியில பார்த்தா..." என்று தொடங்குவார். சபையில் அவருக்கு மூலமொழி என்றே பெயர் விழுந்துவிட்டது. சில விஷமக்காரர்கள் அதையும் சுருக்கி மூலம் என்றார்கள். உட்கார முடியாத ஒரு வியாதிக்கும் அதுதான் பெயர் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் உட்கார முடியாமல் நெளிந்தவர்கள் மற்றவர்கள்தான்.

பின்னாளில் இந்தக் கதையை அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். நடந்தபோது சிரிக்கவில்லை.

அந்தப் பதினோரு பேரில் அவருக்கு ஈடுகொடுத்துப் பேசக்கூடியவர் ஒருவர்தான். அவர் மனைவியின் அண்ணன். முப்பத்தைந்து வருஷம் நகரத்துக்குள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தவர். அவருக்கு இவர் மாப்பிள்ளை, இவருக்கு அவர் மச்சான். மச்சானுக்குக் கிரேக்கம் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் ஒரு வாக்கியத்தைப் படித்தால் அது எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியும். ஓட்டிப் பழகியவர் அல்லவா.

அந்தச் சமயத்தில் மச்சானுக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. மிச்சமிருந்த ஏழையும் பிடுங்கியாகிவிட்டது. ஈறு ஆறி, டாக்டரம்மாவிடம் வாயின் அச்சும் கொடுத்துவிட்டு, மூலமொழி செய்துதரப்போகும் செட்டுக்காகக் காத்திருந்தார். பேச்சு கொழகொழவென்று வந்தது. பழகிய காதுகளுக்குப் புரியும்.

அன்றைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, அப்போஸ்தலர் ஒருவர் ஒரு சபைக்கு எழுதிய கடிதத்தில் வரும் ஒரு வரி. கடவுள் உலகத்தோடு சமாதானம் செய்துகொண்டதைப் பற்றிய வரி. அதை இரண்டு விதமாக வாசிக்கலாம். கடவுள் கிறிஸ்துவுக்குள்ளே இருந்தார், இருந்துகொண்டு உலகத்தைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார் என்பது ஒரு விதம். கடவுள் கிறிஸ்துவின் வழியாக உலகத்தைத் தம்மோடு சேர்த்துக்கொண்டிருந்தார் என்பது இன்னொரு விதம். முதல் வாசிப்பு, கடவுள் எங்கே இருந்தார் என்று சொல்கிறது. இரண்டாவது, என்ன செய்தார் என்று சொல்கிறது.

"உள்ளேதான்," என்றார் மூலமொழி. "மூலமொழியில பார்த்தா அந்தச் சின்ன சொல்லுக்கு 'உள்ளே'ன்னுதான் அர்த்தம். மூணாவது பாடத்துலயே வந்துடும்."

"அந்தச் சொல்லுக்கு 'வழியா'ன்னும் அர்த்தம் உண்டுன்னு நீங்கதான போன வருஷம் சொன்னீங்க?" என்றார் மச்சான்.

"அது வேற இடம்."

"இது வேலையைப் பத்திப் பேசற வாக்கியம் மாப்பிள்ளை. சண்டை போட்டுட்டுப் போன உலகத்தைக் கூட்டிட்டு வர்ற வேலை. அதை யாரைக் கொண்டு செஞ்சார்னு சொல்லுது. நீங்க என்னடான்னா ஆளோட விலாசத்தைத் தேடறீங்க."

கூடத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். மூலமொழிக்கு அது பிடிக்கவில்லை. அதே அப்போஸ்தலர் இன்னொரு கடிதத்தில், தெய்வத்தன்மையின் முழுமை அத்தனையும் ஓர் உடம்பாகவே கிறிஸ்துவில் குடியிருக்கிறது என்று எழுதியிருப்பதை எடுத்துப் போட்டார். "முழுமை! அத்தனையும்! உடம்பாவே! இதுக்கு மேல என்ன வேணும்?"

"அது வேற கடிதம். அந்த வண்டியில ஏறவேண்டிய பயணியை இந்த வண்டியில ஏன் ஏத்தறீங்க?"

"எழுதினவர் ஒருத்தர்தானே?"

"டிரைவர் ஒருத்தர்னா எல்லா பஸ்ஸும் ஒரே ரூட்டா?"

சிரிப்பு எழுந்தது. மூலமொழி குரலை உயர்த்தினார். "நீங்க சொல்றபடி பார்த்தா அவர் வெறும் குழாய். கடவுள் ஒரு பக்கம் ஊத்தறார், மறு பக்கம் நமக்கு வருது. கிறிஸ்துவைக் குழாயாக்கிட்டீங்க மச்சான்!"

"நீங்க அவரை வாடகை வீடாக்கிட்டீங்க. கடவுள் வந்து குடித்தனம் இருந்தார், காலி பண்ணிட்டுப் போயிட்டார். அப்படியா? நான் அவரே கடவுள்னு நம்பறேன். வீட்டுக்குள்ள ஆள் இருக்கற மாதிரி இல்ல."

இது சரியான கேள்வி. 'குடியிருக்கிறது' என்பதை எப்படிப் புரிந்துகொள்வது, வீடு வேறு ஆள் வேறு என்று ஆகாமல் எப்படிச் சொல்வது என்று நிதானமாகப் பேசியிருக்கலாம். நல்ல மாலையாகப் போயிருக்கும். ஆனால் மூலமொழிக்கு அந்த நேரத்தில் பதில் தோன்றவில்லை. ஒரு நகைச்சுவை தோன்றியது. அதுதான் வினை.

"உங்க வாதத்துக்கும் பல் இல்ல மச்சான், உங்க வாயிலயும் பல் இல்ல. நான் எப்படிப் பேசறது?"

கூடம் கொல்லென்று சிரித்தது. இரண்டு நொடி மூலமொழி உலகத்திலேயே பெரிய ஆளாக இருந்தார். மூன்றாவது நொடியில் மச்சான் வேதத்தை மூடி உறையில் போட்டார், எழுந்தார், செருப்பைத் தேடினார். ஒரு செருப்பு யாருடைய குடைக்கோ அடியில் போயிருந்தது. குனிந்து அதை எடுக்க அவர் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

மூலமொழியின் மனைவி காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள். கத்தாமலே ஒரு கூடத்தை அடக்கத் தெரியும். காபியைத் திருப்பி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வியாழன் நான்கு பேர் வந்தார்கள். மீதிப் பேர் மச்சான் வீட்டில் கூடுவதாகச் செய்தி வந்தது. சபையில் இரண்டு கட்சிகளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது: குடித்தனக் கட்சி, குழாய்க் கட்சி. மூலமொழி போதகரைப் போய்ப் பார்த்து, தீர்ப்புச் சொல்லச் சொன்னார். போதகர் பயந்த சுபாவம். "ரெண்டு வாசிப்புக்கும் நல்ல ஆட்கள் இருக்காங்க ஐயா. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு விட்டுட்டு நிக்காது. உள்ளே இருந்ததாலதான் அவர் வழியா நடந்துது, இல்லையா?" என்றார். இவ்வளவு தெளிவான பதிலை எந்தப் பயந்த மனிதரும் சொல்லியிருக்க மாட்டார். மூலமொழிக்கோ அது மழுப்பலாகப் பட்டது. வெளியே வரும்போது, "முதுகெலும்பே இல்ல," என்று முணுமுணுத்தார். அடுத்தவர் உடம்பில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதே அவருக்கு வழக்கமாகிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் மச்சானின் பல்செட் பாதியில் நின்றது. மெழுகில் பற்களை வரிசையாகப் பதித்தபின், அதை நோயாளியின் வாயில் ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும். கடி சரியாக விழுகிறதா, பேச்சு சரியாக வருகிறதா என்று டாக்டரம்மாவோ அவள் இல்லாத நாளில் வருகிற இன்னொரு டாக்டரோ பார்த்துச் சொன்ன பிறகுதான் மெழுகை எடுத்துவிட்டு நிரந்தரமாக வார்ப்பது. அதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும். மருத்துவமனையில் அந்தப் போன் செய்வது மூலமொழியின் வேலை.

அவர் போன் செய்யவில்லை. 'தேவைப்பட்டா அவரே வரட்டும்' என்று இருந்தார். மச்சானும் வரவில்லை. மூன்று வாரம் அந்த மெழுகுப் பல்வரிசை அலமாரியில் உட்கார்ந்து அவரைப் பார்த்து இளித்தது.

"அண்ணன் இன்னும் ரொட்டியைப் பால்ல நனைச்சுத்தான் தின்னுட்டிருக்கார்," என்றாள் மனைவி.

"பால் உடம்புக்கு நல்லது."

"என்னங்க, நான் உங்ககிட்டச் சொல்லிட்டிருக்கேன்."

"நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார். கடவுள் கிறிஸ்துவுக்குள்ளேதான் இருந்தார் என்பதற்கு இருபத்திரண்டு ஆதாரங்களோடு, மச்சானுக்கு ஒரு கட்டுரை. பதினான்கு பக்கம் வந்தது. ஒன்பதாவது பக்கத்தில், கடவுள் தூரத்தில் இருந்தபடி ஆள் அனுப்பாமல் தாமே உடம்போடு வந்து நம் நடுவில் நின்றார் என்று எழுதியபோது அவருக்கே கண் கலங்கியது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற மச்சானுக்கு அதை யாரிடம் கொடுத்து அனுப்பலாம் என்று அடுத்த வரியிலேயே யோசித்தார்.

கடைசியில் டாக்டரம்மாவே கேட்டாள். அவர் மகள் வயதிருக்கும். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பார்வையை எடுக்க மாட்டாள். "உங்க மச்சானோட செட் என்னாச்சு சார்? மெழுகுல வெச்சுப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு," என்றார் மூலமொழி.

பார்த்திருந்தார்தான். வாயில் இல்லை. தாடை மாதிரி திறந்து மூடுகிற இரும்புக் கருவியில் அச்சை மாட்டி, வலமும் இடமும் ஆட்டிப் பார்த்திருந்தார். நேராகப் பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். ஒரு சொல்லுக்கு வேண்டிய அர்த்தத்தை வரவழைப்பதில் அவருக்குப் பழக்கம் இருந்தது. "வீட்டு ஆள்தானே டாக்டர், செட்டை நானே கொண்டு குடுத்துடறேன்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு நாளில் வார்த்து, மெருகேற்றி, பெட்டியில் வைத்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. பெட்டியோடு பதினான்கு பக்கத்தையும் சேர்த்து மனைவியிடம் கொடுத்தனுப்பினார்.

அவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"பல்லைப் போட்டுக்கிட்டார். கொஞ்சம் குத்துதாம். போகப்போகச் சரியாயிடும்னார்."

"பேப்பர்?"

"சாப்பாட்டு மேசை ரொம்ப நாளா ஆடிட்டிருந்துது," என்றாள். "மடிச்சுக் காலுக்கு அடியில வெச்சுட்டார். இப்ப ஆடல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனையில் வேதம் வாசிக்கும் முறை அன்று மச்சானுக்கு. வாசிக்க வேண்டிய பகுதி எதுவென்று பலகையில் எழுதியிருந்ததை மூலமொழி இரண்டு தரம் படித்தார். அதே கடிதம். அதே அதிகாரம். இரண்டாம் வரிசையில் இடம் பிடித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வரி வரும்போது மச்சான் எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுக்கிறார் என்று குறித்துக்கொள்வதாக உத்தேசம்.

மச்சான் சலவை செய்த சட்டையில், பளபளக்கும் பல்லோடு மேடைக்கு வந்தார். முதல் வரியிலேயே விசில் கேட்டது. சகரம் வந்த இடமெல்லாம் பஸ் கதவு திறக்கிற மாதிரி காற்று சீறியது. அந்தப் பகுதியிலோ சகரத்துக்குக் குறைவில்லை. பின்வரிசைக் குழந்தைகள் ஒவ்வொரு விசிலையும் எண்ண ஆரம்பித்தார்கள். மச்சான் நிறுத்தி, நாக்கால் எதையோ தள்ளிச் சரிசெய்துகொண்டு, மறுபடி படித்தார். சரியாக அந்த வரிக்கு வந்து வாயை அகலத் திறந்தபோது மேல் செட் கழன்று இறங்கி, கீழ் செட்டின்மேல் டக்கென்று மோதியது. ஒலிபெருக்கி அந்தச் சத்தத்தைச் சபை முழுக்கக் கொண்டுசேர்த்தது.

குழந்தைகள் சிரித்தன. பிறகு பெரியவர்கள் சிலரும். மச்சான் அவசரப்படவில்லை. திரும்பி நின்று, இரண்டு செட்டையும் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி, வெறும் ஈறோடு மீதியைக் கடைசிவரை வாசித்தார். பாதிப் பேருக்குப் புரியவில்லை. உள்ளேயா வழியாகவா என்பது கொழகொழப்பில் கரைந்துபோயிற்று.

மூலமொழியின் பேனா தாளில் ஒரே இடத்தில் நின்று மை கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் அவருக்குத் தோன்றியது, 'அடடா, அழுத்தம் எதில் என்று தெரியாமல் போயிற்றே' என்பது. அடுத்துத் தோன்றியது, 'இடப்பக்கம் கடி ஒரு மில்லிமீட்டர் உயரம்' என்பது. தன் மச்சான் முந்நூறு பேர் முன்னால் தலைகுனியாமல் நின்றார், தலைகுனிய வேண்டியவன் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்பது மூன்றாவதாகத்தான் வந்தது. இந்த வரிசையை அவர் பிற்பாடு யாரிடமும் மறைத்ததில்லை.

வீடு வந்ததும் மனைவி செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"அண்ணன் வாயில வெச்சுப் பாத்தீங்களா?"

"அச்சுல பாத்தேன்."

"அச்சா ரொட்டி திங்குது? அச்சா வேதம் வாசிக்குது?"

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவள் பார்த்த பார்வையில் அது தானாக இறங்கியது.

"நாலு மணிக்குக் கிளம்புங்க," என்றாள். "பேப்பர் எதுவும் கொண்டுபோகாதீங்க."

நாலு மணிக்கு, கையளவு மோட்டாரும், ராவுகிற முனைகளும், கடி எங்கே அதிகமாக விழுகிறது என்று காட்டுகிற நீலத்தாளும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார். வழியில் மூன்று தரம் மன்னிப்பு ஒத்திகை பார்த்தார். மூன்றிலும் முன்னுரை நீளமாக இருந்தது.

கதவு திறந்தது. பல் இல்லாத வாய்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை," என்றார் மச்சான்.

'உள்ள என்றார்' என்று அந்த நிலைமையிலும் ஒரு கணம் குறித்துக்கொண்டது மூலமொழியின் புத்தி. அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டு மேசை அசையாமல் நின்றது. அதன்மேல் மோட்டாரை வைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, "வாயைத் திறங்க," என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஆயிரக்கணக்கான வாய்களைக் கையில் ஏந்தியிருக்கிறார். எல்லாம் பிளாஸ்டர் அச்சுகள். உயிருள்ள ஒரு வாய்க்குள் விரலை விட்டது அன்றுதான் முதல் தடவை. அது சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. மூச்சு விட்டது. நாக்கு ஓரிடத்தில் நிற்காமல் விரலைத் தேடி வந்தது. பிளாஸ்டருக்குக் குமட்டல் வராது, மச்சானுக்கு வந்தது. இடப்பக்கம் கீழ் ஈற்றில் பயறளவுக்கு ஒரு புண், சிவந்து, நடுவில் வெளுத்து இருந்தது.

"இது எப்போலேர்ந்து?"

"ரெண்டு நாளா. போட்டதுலேர்ந்து."

"வலிக்கலையா?"

"வலிக்கத்தான் செய்யுது."

"அப்புறம் ஏன் போட்டுட்டே இருந்தீங்க?"

"நீங்க செஞ்சதாச்சே," என்றார் மச்சான். "எனக்குத்தான் போட்டுப் பழகலைன்னு நினைச்சேன்."

மூலமொழிக்கு முன்னுரை மறந்துபோனது. "மச்சான், இதை உங்க வாயில வெச்சுப் பாக்கவே இல்ல. பாத்தாச்சுன்னு டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன். உங்களைப் போன்ல கூப்பிட மனசு வரல. அன்னைக்குக் கூட்டத்துல அப்படிப் பேசினது, அதுவும்..."

மச்சான் கையை உயர்த்தி நிறுத்தினார். எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு வாசிப்பு வேற பகுதிதான் இருந்துது. போதகர்கிட்டப் பேசி இதை மாத்தச் சொன்னது நான்தான். 'வழியாக' மாதிரி தொனிக்க நாலு நாள் கண்ணாடி முன்னால நின்னு ஒத்திகை பாத்தேன். உங்களை முன்வரிசையில உக்கார வெச்சு அடிக்கணும்னு."

"நான் ரெண்டாவது வரிசை."

"பாத்தேன். பேனாவோட."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடவுள் உலகத்தோடு சமாதானம் செய்துகொண்டார் என்று சொல்கிற ஒரு வரிக்காக, இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு நாலு வாரம் பேசாமல் இருந்த இரண்டு கிழவர்கள். மச்சான்தான் முதலில் சிரித்தார். பல் இல்லாத வாய்க்குச் சிரிப்பு நன்றாகவே வந்தது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் மூலமொழி. ஒன்றைச் சொன்னபின் மற்றதும் சொல்ல எளிதாக இருந்தது. "அந்த வரி மொத்தமும் ஒரு வினைச்சொல்லைப் பொறுத்துத்தான் நிக்குது. 'இருந்தார்' தனியா நிக்குதா, இல்ல 'சேர்த்துக்கொண்டு'வோட சேர்ந்து ஒரே வினையாங்கறதுதான் கேள்வியே. வினைச்சொல் பத்தாவது பாடம். அது என்கிட்ட இல்ல. தொலைஞ்சுபோச்சு."

"எப்போ?"

"பதினாறு வருஷம் முன்னாடி."

மச்சான் வெகுநேரம் சிரித்தார். குமட்டல் மறுபடி வந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் வேலை நடந்தது. நீலத்தாளைக் கடிக்கச் சொல்வது, நீலம் அழுத்தமாகப் பதிந்த இடத்தை ராவுவது, துடைப்பது, மறுபடி கடிக்கச் சொல்வது. புண் இருந்த இடத்துக்கு நேராக விளிம்பைக் குறைத்தார். மச்சான் வாயைத் திறந்து வைத்திருந்ததால் பதில் பேச வழியில்லை. இப்படிக் குறுக்கே பேசாத மச்சான் மூலமொழிக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. சபலம் தட்டியது.

"ஆனாலும் பாருங்க மச்சான், முழுமை அத்தனையும் குடியிருக்குதுன்னு அந்த இன்னொரு கடிதத்துல... சரி, கடிங்க பாப்போம்."

கடிக்கச் சொன்னவர் விரலை எடுக்க மறந்துவிட்டார்.

சத்தம் தெருவரை கேட்டிருக்கும். மச்சான் பதறிப்போய் வாயைத் திறந்தார். ஆள்காட்டி விரலில் மேலும் கீழுமாகப் பற்களின் தடம் ஒழுங்காகப் பதிந்திருந்தது. மூலமொழி வலியோடு அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே ஆழம்.

"கடி சரியாயிடுச்சு," என்றார்.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் குரலை உயர்த்தாமல் பத்து நிமிஷம் திட்டினாள். மச்சானை உடனே வரவழைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, செட்டை முறையாகச் சோதித்தாள். பிறகு ஒரு புது உத்தரவு போட்டாள்: இனி ஒவ்வொரு மெழுகுச் சோதனையின்போதும் மூலமொழி பின்னறையிலிருந்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஐம்பத்தாறு வயதில் இதென்ன தண்டனை என்று முனகினார். ஒரு வாரத்தில், அந்த நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மனிதர்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது.

அவருக்குள் இதற்குள் ஒரு பிரசங்கம் தயாராகிவிட்டது. அச்செடுத்து அனுப்புவது வேறு, வாய்க்குள் கையை விடுவது வேறு. கடவுள் நம் நடுவில் வந்தது இரண்டாவது விதம். ஆஹா, எவ்வளவு பொருத்தம்! வியாழக்கிழமைக்கு இதை எடுத்து விடவேண்டியதுதான் என்று துள்ளினார்.

"அண்ணன் வாயை வெச்சுக் கூட்டத்துல ஒரு வார்த்தை பேசினீங்க," என்றாள் மனைவி, "அப்புறம் உங்களுக்கும் பால்ல நனைச்ச ரொட்டிதான்."

வியாழக்கிழமை பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். சண்டை பார்க்க வந்தவர்கள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. மச்சான் பல்லோடு வந்து உட்கார்ந்தார். மூலமொழி இரண்டு வாசிப்பையும், இரண்டுக்கும் உள்ள நியாயத்தையும் கூட்டிக் குறைக்காமல் ஐந்து நிமிஷத்தில் சொன்னார். போதகர் சொன்னதையும் போதகர் பெயரிலேயே சொன்னார். "எனக்கு 'உள்ளே'ன்னுதான் இன்னும் படுது. மச்சானுக்கு 'வழியாக'ன்னு படுது. நிச்சயமாச் சொல்ற அளவுக்கு எனக்கு மொழி தெரியாது," என்று முடித்தார். கூடத்தில் ஏமாற்றம் பரவியது. இவ்வளவுதானா என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது கதவோரம் உட்கார்ந்திருந்த சலவைக்கடை அக்கா தொண்டையைக் கனைத்தாள். ஆறு வருஷமாக வருகிறவள். அந்த ஆறு வருஷத்தில் அவள் குரலைக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா? கடவுள் கிறிஸ்துவுக்குள்ள இருந்தார்னு சொல்றீங்க. அவர் கூட்டாளி செத்துப்போனப்போ கல்லறைகிட்ட நின்னு அழுதாரே, அப்போ கடவுளும் அழுதாரா? இல்ல, உள்ள இருந்தபடி அழாம பாத்துட்டு இருந்தாரா?"

மூலமொழியின் கை கண்ணாடிக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"இதைக் கேக்கத்தான் முதல்ல வந்தேன்," என்றாள் அவள். "என் பையன் ஆஸ்பத்திரியில கிடந்தான் அப்போ. நீங்க அன்னைக்கு வேற்றுமை உருபு நடத்திட்டிருந்தீங்க. நடுவுல கேக்கக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

"பையன்...?" என்றார் மூலமொழி. கேட்கவே பயமாக இருந்தது.

"பொழைச்சுட்டான். இப்போ கடையில என்னோட நிக்கறான். ஆனா கேள்வி அப்படியே இருக்குல்ல."

மச்சான் முன்னால் சாய்ந்தார். "அழுதார்னுதாம்மா நினைக்கறேன். வீடு வேற, ஆள் வேற இல்லைன்னா, கண்ணீர் மட்டும் எப்படி வீட்டோடது ஆகும்?" சொல்லிவிட்டு, மாப்பிள்ளை மறுக்கப் போகிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

மூலமொழி மறுக்கவில்லை. தன் குறிப்பேட்டில் அவள் கேள்வியை அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் குறிப்பேட்டில் இன்னொருவர் சொன்ன வாக்கியம் ஏறியது அதுவே முதல் தடவை. எழுதி முடித்ததும், "ஆமா, அழுதிருப்பார்," என்றார். "உங்க பையன் கட்டில் பக்கத்துல நீங்க எப்படி இருந்தீங்கன்னு சொல்லுங்கம்மா. நாங்க கேக்கறோம்."

அவள் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தாள். கடிகாரம் பார்த்தவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். காபி ஆறிப்போய், மனைவி இரண்டாவது தடவை சுடவைத்துக் கொண்டுவந்தாள். தட்டை நீட்டும்போது கணவன் காதருகே குனிந்து, "இன்னைக்கு மூணே தடவைதான் பேசியிருக்கீங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

அவர் உதட்டில் விரல் வைத்து, சலவைக்கடை அக்கா பேசுகிறாள், கேள் என்று ஜாடை காட்டினார்.